பீலியின் கண்ணைக் குத்தியவர்

எங்கள் பீலியில் தண்ணீர் நின்ற பிறகு, வெகுகாலம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரும் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “கண்ணக் குத்துனவரு” என்றார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அவர் தாண்டிப் போனதும், அவர் காதில் விழுகிற அளவுக்குச் சொல்வார்கள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். அலவாங்குக் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு லயத்துக்கு மேலே ஏறிப் போய்விடுவார்.

அவர் ஏறிப் போகிற ஒவ்வொரு நாளும், இன்றைக்கு மண் சரிந்து அவரை மூடிவிடும் என்று நினைத்துக்கொண்டேதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அந்த நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னால் வாயால் சொல்ல முடியாது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் நடந்தால் எங்கள் லயம் வரும். லயத்துக்கு மேலே ஒரு பாறை. அந்தப் பாறையின் இடுக்கிலிருந்து வருகிற ஊற்றைக் குழாய் வைத்துக் கீழே ஒரு பலகைக் கல்லின் மேல் விழ விட்டிருந்தார்கள். அதுதான் பீலி. குடிக்க, சமைக்க, துணி துவைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் சொல்வது பாதிதான் கேட்கும். எனக்கு அது வசதி. தலையை ஆட்டினால் போதும், பதில் சொல்ல வேண்டியதில்லை.

சித்திரையில் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா. அதற்கு முன்பு பங்குனிக் கடைசியில் ஆண்கள் பாறைக்கு ஏறி ஊற்றைச் சுத்தம் செய்வார்கள். அடைத்துக் கிடக்கிற இலை, வேர், சேறு எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிட்டு, கடைசியில் ஒருவர் அலவாங்கால் இடுக்கைக் கிளறி விடுவார். அதைக் கண் திறப்பது என்போம். அந்த ஒருவர் என் கணவரின் குடும்பத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். அவர் அதற்காக விரதம் இருப்பார், ஈரத் துணியோடு ஏறுவார். திறந்ததும் வருகிற கலங்கல் தண்ணீர் தெளிகிற வரைக்கும் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தெளிந்த முதல் தண்ணீர் கோயில் குடத்துக்கு. அதற்குப் பிறகுதான் யாரும் குடம் வைக்கலாம். என் கணவர் வாழ்க்கையில் முன்னால் போய் நின்ற இடம் அது ஒன்றுதான். மற்றபடி அவரும் என்னைப் போலத்தான், கூட்டத்தில் பின்னால் நிற்கிறவர்.

அந்த வருஷம் தை மாதமே தண்ணீர் குறைந்திருந்தது. மழை முடிந்து பீலி சத்தம் போடுகிற காலம் அது. சத்தம் போடவில்லை. குடம் நிறைய நேரம் எடுத்தது. குடத்தை வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்துவிட்டு வந்தாலும் பாதிதான் இருக்கும். பாறையைச் சுற்றியிருந்த பன்னைச் செடி எல்லாம் ஓரம் கருகியது. மாசியில் கொழுந்து பறிக்கப் போனால் காலில் அட்டை ஏறவில்லை. “அப்பாடா, இந்த வருஷம் ரத்தம் மிச்சம்” என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஈரம் இருக்கிற இடத்தில்தான் அட்டை இருக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதை யோசிக்கவில்லை.

அதே காலத்தில்தான் மலைக்கு அடியில் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆற்றுத் தண்ணீரை மலைக்குள்ளேயே குடைந்து அந்தப் பக்கம் கொண்டுபோவதற்கு என்றார்கள். எங்களுக்கு அது எங்கேயோ தூரத்தில் நடக்கிற வேலை. சில நாள் தட்டு வைக்கிற பலகை அதிர்ந்து, தட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசும். “வெடி வைக்கிறானுங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருக்கிற அக்காவின் புருஷனுக்கு அங்கே கூலி வேலை கிடைத்திருந்தது. தோட்டத்துச் சம்பளத்தைவிட நல்ல சம்பளம். அந்த அக்கா வீட்டில் முதல் தடவையாக ஒரு ஃபிரிட்ஜ் வந்தது.

பங்குனிக் கடைசியில் வழக்கம்போல ஆண்கள் ஏறினார்கள். நாங்கள் கீழே குடங்களோடு நின்றோம். என் கணவர் இடுக்கைக் கிளறினார். தண்ணீர் விரல் அளவுக்குத்தான் வந்தது.

“அடச்சிருக்குப்பா. இன்னுங் கொஞ்சம் போடு” என்றார் கோயில் தலைவர்.

என் கணவர் போட்டார்.

“இன்னும்!” என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கிக் குத்தினார். மேலே ஏதோ இளகிய சத்தம் கேட்டது. கலங்கல் தண்ணீர் கொஞ்சம் வேகமாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தெளியட்டும் என்று காத்திருந்தோம். தெளியத் தெளியத் தண்ணீர் மெலிந்தது. நூல்போல ஆனது. பிறகு குழாயின் நுனியில் சொட்டுச் சொட்டாக நின்றது. கோயில் குடத்தில் அடிப்பாகம்கூட நிறையவில்லை.

அந்த அக்காதான் முதலில் சொன்னாள். “கண்ணக் குத்திப்புட்டாரேடி.”

அந்த வருஷம் கீழ்த் தோட்டத்து ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கி வந்து திருவிழாவை முடித்தார்கள். என் கணவர் கோயிலுக்கு வரவில்லை. விரதத்தில் ஏதோ குறை என்றார்கள். நான் தீட்டோடு அவருக்குச் சோறு போட்டிருப்பேன் என்றும் பேச்சு வந்தது. அது பொய். ஆனால் அதை எப்படி, யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வந்தது. வாரத்தில் இரண்டு நாள், பாதை நல்லாயிருந்தால். பாதையோரம் ஒரு நீலத் தாங்கி வைத்து அதில் நிரப்பிவிட்டுப் போவார்கள். அங்கே நிற்கிற வரிசைதான் எங்களுக்கு ஊர்க்கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. முதல்நாளே கேனை வைத்து இடம் பிடிப்பார்கள்.

“ஏங்க்கா, நேத்து ஒத்தக் கேனுதானே வச்சீங்க? இன்னைக்கி மூணு நிக்கிது. குட்டி போட்டுச்சா?”

“ஆமா, ஒன் கேனோட சேந்துதான் போட்டுச்சு. சாயல் தெரியலியா?”

இப்படிச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே சண்டையும் போடுவார்கள். என் முறை வரும்போது மட்டும் பேச்சு நிற்கும். ஒருநாள் அந்த அக்கா என் கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, “ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல. நீ என்னா பண்ணுவ, பாவம்” என்றாள். எல்லார் முன்னாலும் அப்படி இரங்கியது, திட்டியிருந்தால் வலித்திருக்கக்கூடியதைவிட அதிகமாக வலித்தது.

குளிப்பதுதான் பெரிய பாடு. வீட்டுக்குப் பின்னால் சேலையைக் கட்டி மறைத்து, ஒரு வாளியில் குளித்து, அந்தத் தண்ணீரையே பிடித்து வைத்துத் தரை துடைத்தோம். மரக்கறிப் பாத்தியில் போட்டிருந்த லீக்ஸ் எல்லாம் காய்ந்தது. போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். எங்கே போவது? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். என் பெயர் தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் இருக்கிறவரைக்கும்தான் அதில் இருக்கலாம். நான் வேலையை விட்டால் கூரையும் போகும். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மற்றப் பையன்களோடு கடைக்கு மேலே ஒரே அறையில் படுக்கிறான். “வாங்கம்மா” என்று போனில் சொல்வான். எங்கே வந்து எங்கே படுப்பது என்று நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

என் கணவர் அந்த வைகாசியில் தோண்ட ஆரம்பித்தார். வேலை விட்டு வந்ததும் ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு மேலே ஏறுவார். கண் வேறு பக்கம் திரும்பியிருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. பாறைக்கு இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு மேலே, பிறகு அதற்கும் மேலே என்று குழிகள். முதலில் முழங்கால் ஆழம். பிறகு இடுப்பு. பிறகு அவர் உள்ளே நின்றால் தலைமட்டும் தெரியும்.

நான் ஒருநாள் கேட்டேன், “ஏங்க, போதும்ங்க. விட்டுருங்களேன்.”

“நான் கெடுத்தது. நான்தானே தேடணும்?” என்றார். அதற்குமேல் அந்த வார்த்தையில் மாற்றம் இல்லை.

லயத்துக் காம்பராக்களுக்கு இடையில் இருக்கிற சுவர் மெல்லியது. மேலே கூரை வரைக்கும் ஏறாது. அந்தப் பக்கம் ஆள் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு சாயங்காலம் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அந்த அக்காவின் புருஷன் பேசியது கேட்டது.

“உள்ள மழ பெய்யுதுடி. மேலேருந்து ஊத்துது. மழக் கோட்டப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கிறோம். பம்ப வச்சு எறச்சுக்கிட்டே இருக்கானுங்க, நிக்கவே மாட்டேங்குது.”

“ஆத்துத் தண்ணியா இருக்கும்.”

“ஆத்துத் தண்ணிய இன்னும் உள்ள உடவே இல்லியே.”



“அப்ப எங்கேருந்து வருது?” என்றாள் அக்கா.

“எங்கேருந்துன்னு சொல்ல? மேலேருந்துதான்.”

“மேல நம்மதானே இருக்கோம்.”

தட்டை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் தாழ்ந்து வந்தது. “இத வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாத. வேலைய விட்டு நிப்பாட்டிருவான். சாப்புடு.”

மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் குழியிலிருந்து வந்ததும் சொன்னேன். “மலைக்குள்ள மழ பெய்யுதாம்ங்க. சொரங்கத்துக்குள்ள. நம்ம பீலித் தண்ணி அங்கதான் போயிருக்கும் போல.”

அவர் காலைக் கழுவக் கொஞ்சமாகத் தண்ணீர் எடுத்தார். “அவன் ரெண்டு கிளாஸ் போட்டுட்டுப் பேசுவான். அலவாங்கு என் கையிலதானே இருந்துச்சு? தண்ணி நிண்டத என் கண்ணால பாத்தேன்ல?”

அடுத்த சித்திரையில் திருவிழாவுக்குத் தண்ணீர் வேண்டும். பவுசர் தாங்கியிலிருந்து பிடிப்பது என்று முடிவானது. பிளாஸ்டிக் தாங்கிக்குச் சந்தனம் பூசி, வேப்பிலை கட்டி, குழாய்க்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார்கள். குழாயைத் திறக்க ஓர் ஆள் விரதம் இருந்தார். அது என் கணவர் இல்லை. குழாயை யாரும் திறக்கலாம். கையைத் திருப்பினால் தண்ணீர் வரும். அதற்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. அவர் அன்றைக்கு மேலே குழியில் இருந்தார். தப்பு மேளம் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே, அலவாங்கு கல்லில் படுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அடிக்கிறவர்கள் இன்னும் பலமாக அடித்தார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பயம் கூடியது. மழை பெய்தும் பீலியில் தண்ணீர் வரவில்லை. ஆனால் குழிகளில் தண்ணீர் தேங்கியது. ஒரு பின்னேரம் அவர் திரும்பி வருகிற நேரம் தாண்டியும் வரவில்லை என்று நான் ஏறிப் போனேன். மேல் குழியின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் இடுப்பு வரைக்கும் சேற்றுக்குள் நின்றார். கத்தவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

“கையக் குடு புள்ள” என்றார், பஸ்ஸில் ஏறுகிறவர் மாதிரி.

நான் தேயிலைச் செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சேலை முந்தானையைக் கீழே விட்டேன். அவர் வெளியே வருவதற்குள் என் கையில் தோல் உரிந்துவிட்டது. மேலே வந்து உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். “சத்தம் கேட்டுச்சு புள்ள. உள்ளுக்குள்ள சலசலன்னு. நீயும் கேட்டுப் பாரு.”

நான் குழியின் விளிம்பில் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

“கேக்குதுல்ல?”

“வீட்டுக்கு வாங்க” என்றேன்.

அடுத்த நாள் நான் கோயில் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். யார் வீட்டு வாசலிலும் தனியாகப் போய் நின்று எனக்குப் பழக்கம் இல்லை. அவர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“மாமா, அவரு குழிக்குள்ள செத்துருவாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. ஒன் மேல குத்தம் இல்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.”

அவர் நல்ல மனுஷர்தான்.

“சொல்லலாம் தாயி. சொன்னா அடுத்தாப்புல என்னா கேப்பாங்க? அவன் குத்தம் இல்லன்னா யாரு குத்தம்னு கேப்பாங்க. சொரங்கம்னு வரும். சொரங்கத்தால தண்ணி எறங்கிருச்சுன்னா, நம்ம காலுக்கடியில என்னா இருக்குன்னு வரும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மீரியபெத்தயில மல சரிஞ்சு லயத்த மூடுனது ஒனக்குத் தெரியும். செத்தவங்க போயிட்டாங்க. இருந்தவங்கள எங்க கொண்டு போயி வச்சாங்க? ஒரு பழைய தேயில ஸ்டோருக்குள்ள. எத்தன காலம் அங்கன கெடந்தாங்க?”

அவரே தொடர்ந்தார்.

“அவன் கண்ணக் குத்திட்டான்னு இருக்கட்டும். அப்பிடின்னா மல நல்லாயிருக்குன்னு அர்த்தம். புள்ளைங்க தூங்குதுங்க. ஒங்க வூட்டுக்காரரும் தூங்குறாரு. இல்லியா?”

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. என் கணவர் நன்றாகத் தூங்குவார். எத்தனை மழை பெய்தாலும் தூங்குவார். மலையைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. நான்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அந்த மழையிலேயே எங்களுக்கு மேலே போகிற பாதையில் நீளமாக ஒரு வெடிப்பு விட்டது. பஸ் நின்றதால் அதைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். பாதையைப் பார்த்துவிட்டு லயத்துக்கும் இறங்கினார்கள். பூட்ஸ் போட்ட ஒரு சிங்களப் பெண்மணிதான் பெரியவர். மலையையும் மண்ணையும் படித்தவர் என்றார்கள். தமிழில் எடுத்துச் சொல்லப் பதுளையிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் கூட வந்திருந்தாள். நாங்கள் எல்லாரும் பீலிக்கு முன்னால் கூடினோம்.

அந்தப் பெண்மணி காய்ந்த கல்லைத் தொட்டுப் பார்த்தார். மேலே இருக்கிற குழிகளைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

“இந்தக் குழியெல்லாம் யாரு வெட்டுனதுன்னு கேக்குறாங்க” என்றாள் பதுளைப் பெண்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் கணவர் பள்ளிக்கூடத்துப் பையன்போலக் கையைத் தூக்கினார்.

“தண்ணி எப்ப நிண்டுச்சு?”

“போன வருஷம் பங்குனியில மிஸ்” என்றார் கோயில் தலைவர். “கண் தொறக்கையில குத்துப் பட்டுருச்சு. அதோட போச்சு.”

பதுளைப் பெண் அதைச் சிங்களத்தில் சொல்வதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டாள். பூட்ஸ் போட்டவர் பாறைக்கு ஏறினார். இடுக்கில் டோர்ச் அடித்துப் பார்த்தார், கையை விட்டுப் பார்த்தார். இறங்கி வந்து என் கணவரைப் பார்த்து நிறையப் பேசினார். பதுளைப் பெண் சொன்னாள்:

“ஐயா, பாறைக்குள்ள வெடிப்பு வெடிப்பா இருக்குமாம். அதுல பூரா தண்ணி நிக்குமாம். நெறஞ்சு மிச்சமா வழியிறதுதான் ஒங்க ஊத்து. அடியில சொரங்கம் வெட்டுனா அந்தத் தண்ணியெல்லாம் கீழ எறங்கிருமாம். மேல மிச்சம் இருக்காது. ஒரு அலவாங்கால மலையோட தண்ணிய எறக்க முடியாதுன்னு சொல்றாங்க.”

என் கணவர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

பூட்ஸ் போட்டவர் நிறுத்தவில்லை. லயத்தைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார்.

“ஆனா அப்பிடித்தான்னா, தண்ணி எறங்குன எடத்துல மண்ணும் அமுங்கலாமாம். இந்தச் சரிவுக் கரையில இருக்கிற காம்பராவெல்லாம் பாக்கணும். ஆபத்துன்னா ஆளுங்க எழும்ப வேண்டி வரும்.”

அவ்வளவுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“எழும்பி எங்க போறது?” என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா. “ஒங்க ஆபீசுல படுக்க எடம் இருக்கா?”

“மழ உடட்டும் மிஸ், வெயில் காலத்துல வந்து பாருங்க, மல கல்லு மாதிரி இருக்கும்!”

கோயில் தலைவர் கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். “மிஸ், நாங்க எல்லாரும் கீழ நிண்டு பாத்தோம். குத்துறதுக்கு முந்தி தண்ணி நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு. குத்துன பொறவுதான் நிண்டுச்சு. இது எங்க தப்பு. மலையில ஒண்ணும் இல்ல.” பிறகு என் கணவரைப் பார்த்தார். அதட்டலாக இல்லை, கெஞ்சுகிற மாதிரிதான் பார்த்தார். “சொல்லுப்பா.”

என் கணவர் சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்தார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அத்தனை பேரும் அவரை முகத்துக்கு நேரே பார்த்தார்கள்.

“ஆமாங்க மிஸ்” என்றார். “நான்தான் குத்துனேன். முந்தி நல்லா வந்துச்சு.”

பூட்ஸ் போட்டவருக்கு அது புரிந்ததோ என்னமோ, பதுளைப் பெண் சொல்வதற்கு முன்பே முகம் மாறியது. அவர் எங்களைப் பார்த்து, ஒவ்வொருவராகப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். தோட்டத்தில் இத்தனை காலம் இருந்தவள், அந்த அளவு சிங்களம் எனக்குத் தெரியும். குத்துவதற்கு முன்பே தண்ணீர் குறைந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

அட்டைக்குச் சிரித்த பெண்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். குடத்தை வைத்துவிட்டு அரிசி களையப் போனவர்களும் நின்றார்கள். யாரும் பேசவில்லை. பதுளைப் பெண் கேள்வியைத் தமிழில் திரும்பக் கேட்டாள். அப்போதும் இல்லை. பூட்ஸ் போட்டவர் பையைத் தோளில் மாட்டினார். அவர் போனால் என் கணவர் மறுபடியும் ஏறிப் போவார். மேல் குழி இன்னும் சேறாகத்தான் இருந்தது.

“வத்துர கலின்ம அடு வுணா, மிஸ்” என்றேன். தண்ணீர் முன்பே குறைந்துவிட்டது என்று. சிங்களத்தில் சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழில் சொன்னால் முதலில் எங்கள் ஆட்களுக்குக் கேட்கும், பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். “தையிலேயே கொறஞ்சிருச்சு. எல்லாருக்கும் தெரியும். அவரு குத்தல” என்று மிச்சத்தைத் தமிழிலேயே சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

“ஏ, நீ சும்மாரு” என்றார் என் கணவர். யாருக்கும் கேட்காமல், உதட்டை அசைத்து.

அந்த வாரமே எங்கள் கரையில் இருக்கிற காம்பராக்களின் சுவரில் சிவப்புப் பெயின்டால் வட்டம் போட்டார்கள். பலமான மழை என்றால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு இடம் தருவோம், காணி பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சுரங்க வேலை முடிந்து அக்காவின் புருஷன் வீட்டில் இருக்கிறான். வட்டம் போட்ட காம்பராவுக்குத் தோட்டம் கூரைத் தகரம் மாற்றித் தராது. எழும்ப வேண்டிய இடத்துக்கு எதற்குத் தகரம் என்கிறார்கள். எழும்பிப் போக இடமும் இல்லை. ஒழுகுகிற இடத்தில் வாளியை வைக்கிறோம். ஒரு விதத்தில் தண்ணீர் மிச்சம்.

இப்போது பவுசர் வரிசையில் பேச்சு நான் வரும்போது நிற்பதில்லை. நேராகவே சொல்கிறார்கள்.

“வாயே தொறக்காதவ, அன்னைக்கிப் பாத்துத்தான் தொறக்கணுமா?” என்றாள் அக்கா ஒருநாள். “ஒம் புருஷனக் காப்பாத்துறேன்னு எல்லார் வூட்டு நெத்தியிலயும் பொட்டு வச்சுட்டியே.”

“அவருக்கு நல்லாருக்குல்ல, அது போதும் அவளுக்கு” என்றாள் இன்னொருத்தி.

நான் கேனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் சொல்வதில் எதை மறுப்பது என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் தோண்டுவதை விட்டுவிட்டார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது. குழிகளை அவரே மூடினார். ஆண்கள் அவரைத் திரும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வேலையில் பக்கத்தில் நிற்கிறார்கள், வெற்றிலை கேட்கிறார்கள். ஆனால் அவர் தூக்கம் போய்விட்டது. முன்பு அடித்துப்போட்டாற்போலத் தூங்கியவர், இப்போது கொஞ்சம் தூறினாலும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். சுவரில் கையை வைத்துப் பார்க்கிறார். தட்டுகள் உரசினால் வெளியே ஓடுகிறார். வெடி வைப்பது நின்று வெகுநாளாகிறது, பூனை தட்டியிருக்கும்.

போன வாரம் மதியத்திலிருந்து நல்ல மழை. பள்ளிக்கூடத்துக்கு ஏறச் சொன்னார்கள். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் சின்ன வகுப்பு அறையில் பாயை விரித்து உட்கார்ந்தோம். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என் கணவர் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் குத்தலதானே?” என்று கேட்டார். அவர் இதை அடிக்கடி கேட்பார்.

“இல்ல.”

“முந்தியே கொறஞ்சுதானே இருந்துச்சு?”

“ஆமாங்க. தையிலேயே.”

தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “நான் குத்துனதாவே இருந்திருக்கலாம் புள்ள” என்றார்.

தெர்மோஸிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். மழை விட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் இறங்கினோம். அடுத்த நாள் காலை வேலைக்குப் பெயர் எடுக்கிற பெரட்டுக்கு நேரத்தோடு போக வேண்டும்.